வாயில்லா ஜீவனுக்கு வாய் யார்?



போன இதழில் வற்றல், வடகம் பற்றி எழுதியிருந்தேன். "அடுத்த தடவை மோர்மிளகாய் போடுவதைச் சொல்லுங்கள்" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சொல்லலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் கடந்த மூன்று வாரமாக எங்கள் வீட்டில் நடந்த அமர்க்களத்தில் பாலுக்கு உறை ஊற்றக்கூட நேரமில்லை! அதனால் மோர்மிளகாய் கொஞ்சம் காத்திருக்கட்டும். இந்த முறை எங்கள் வீட்டு நாய்க்குட்டியைப் பற்றி எழுதுகிறேன். "எங்க வீட்டில் நாயே இல்லையே, எனக்கென்ன?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். குழந்தை இருக்கிற வீடு எதுவாக இருந்தாலும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதில் இருக்கிறது.

என் கணவரோடு வேலை பார்க்கும் நண்பர் வீட்டில் நாய் ஐந்து குட்டி போட்டது. சாதாரண நாட்டு நாய்தான். செம்மண் நிறத்தில், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டோடு இருந்த குட்டியைப் பார்த்ததும் என் மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு வயதுப் பெண் பிடிவாதம் பிடித்தால் என்ன செய்ய முடியும்? நாற்பத்தைந்து நாள் குட்டியாக வீட்டுக்கு வந்தது. வந்த அன்றே தட்டிலிருந்து ஒரு பூரியைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடியதால் 'பூரி' என்றே பெயரும் வைத்தாயிற்று.

"நாயெல்லாம் எதுக்கு? உள்ளவங்களுக்குச் செய்யவே உனக்கு நேரம் பத்தலை" என்று முதல் நாள் முகத்தைச் சுளித்தவர் என் மாமியார். பத்தாவது நாள் அவர் காலடியில்தான் பூரி தூங்கிற்று. "ச்சீ, போ!" என்று சொல்லிக்கொண்டே பிஸ்கட்டைக் கிள்ளிப் போடுவார்.

இப்படி ஐந்தாறு வாரம் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பூரி எழுந்திருக்கவில்லை. தட்டில் வைத்த சாதத்தை மோந்துகூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மஞ்சளாக, நுரையாக ஒரு வாந்தி. அரை மணியில் இன்னொன்று. என் மகள் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு, "அம்மா, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போம்மா" என்று அழுதபடியே வேன் ஏறினாள். கணவருக்கு அன்றைக்கு அலுவலகத்தில் ஆடிட். "நீயே ஒரு ஆட்டோ பிடிச்சுப் போயிட்டு வந்துடு" என்று பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பழைய துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, ஊரில் பெயர் சொல்லும்படியான ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏ.சி., சுவரில் வெளிநாட்டு நாய்களின் படம். எனக்கு முன்னால் ஏழு பேர். ஒவ்வொருவர் கையிலும் புசுபுசுவென்று உயர்ந்த சாதி நாய். என் மடியில் நாட்டுக்குட்டி, பழைய துண்டு. எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்த நேரம் மூன்று நிமிஷம் இருந்தால் அதிகம்.

"என்ன?"

"காலையிலேர்ந்து வாந்தி, டாக்டர். சாப்பிடலை."

வயிற்றை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். அதற்குள் அவருடைய போன் அடித்தது. பேசிக்கொண்டே உதவியாளரிடம் ஏதோ சொன்னார். ஒரு ஊசி போட்டார்கள். "சாப்பாடு ஒத்துக்கலை. சரியாப் போயிடும். இந்த டானிக் கொடுங்க. வீட்டுச் சாதம் வேண்டாம், இந்தத் தீனியை வாங்கிக் கொடுங்க."

"டாக்டர், அது வந்து..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் அடுத்தவர் நாயோடு உள்ளே வந்துவிட்டார். ஊசி, டானிக், ஒரு பொட்டலம் தீனி என்று எல்லாம் சேர்த்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஆட்டோவில் வரும்போது மனசே சரியில்லை. பணம் போனது பெரிதாகத் தெரியவில்லை. சுரம் பார்க்கவில்லை, வாயைத் திறந்து பார்க்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. படித்தவர், அவருக்குத் தெரியாதா என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். நாம் எல்லோரும் அப்படித்தானே செய்கிறோம்?

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "விடியக்காலையில வராந்தா முழுக்கத் தண்ணியா போயிருந்ததே, அதைச் சொன்னியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்து மணிக்கே எழுந்தவர் அவர். பூரி நாலைந்து இடத்தில் பேதியானதைப் பார்த்து, பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டிருக்கிறார். நான் அவரிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நடந்ததைக் கண்ணால் பார்த்த ஒருவர் வீட்டில் இருக்க, ஒன்றும் தெரியாத நான் டாக்டரிடம் போய் நின்றிருக்கிறேன்!

அன்று ராத்திரி பதினோரு மணிக்குப் பூரி மறுபடியும் பேதியானது. ரத்தமாக. அந்த நாற்றம் வேறு மாதிரி இருந்தது, சகோதரிகளே, சொல்லி விளக்க முடியாது. கிளினிக்குக்குப் போன் செய்தால் எடுக்க ஆளில்லை. "நமக்குப் போடுற சுர மாத்திரையில கால் மாத்திரை கரைச்சுக் கொடுத்தா என்ன?" என்று அத்தை கேட்டார். கை மருந்து டப்பா வரைக்கும் போய்விட்டது. ஏதோ ஒரு பயம், கொடுக்கவில்லை. கொடுக்காமல் விட்டது எத்தனை நல்லது என்று மறுநாள்தான் தெரிந்தது.

குட்டி கொடுத்த நண்பரின் மனைவிக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. "அக்கா, எங்க வீட்டில வச்சிருந்த குட்டி முந்தாநாள் போயிடுச்சுக்கா. இதே மாதிரிதான். ரெண்டே நாள். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு..." என்று அழுதுவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமைதான் அவர்கள் வீட்டுக்குப் பூரியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தோம். இரண்டும் ஒரே தட்டில் பால் குடித்தன.

விடிந்ததும் அரசு கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன். எங்கள் ஊரில் 'மாட்டாஸ்பத்திரி' என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். இந்த முறை அத்தையையும் கையோடு கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஏ.சி. கிடையாது. ஒரு பசு மாடு, இரண்டு ஆடுகள், கூடையில் ஒரு கோழியோடு ஒரு பாட்டி. இளம் வயது டாக்டரம்மா ஒருவர் கையில் உறை மாட்டிக்கொண்டு ஆட்டுக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தார். பூரியைத் தூரத்திலிருந்து பார்த்ததுமே, "உள்ளே கொண்டு வராதீங்க! அந்த வேப்ப மரத்தடியில நில்லுங்க, நான் வரேன்" என்றார். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது.

வந்தார். தொடுவதற்கு முன்னால் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். வயது என்ன? எங்கிருந்து வந்தது? கூடப் பிறந்தவை எப்படி இருக்கின்றன? வாந்தி முதலா, பேதி முதலா? எத்தனை தடவை? என்ன நிறம்? கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தது? ஒன்றுக்குப் போனதா? பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள்? நேற்று போட்ட ஊசி என்ன ஊசி? பாதிக்கு அத்தைதான் பதில் சொன்னார். நேற்று போட்ட ஊசியின் பெயர் எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. சீட்டும் வாங்கவில்லை.

ஈறைத் தூக்கிப் பார்த்தார். ரோஜா நிறமாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்துக் கிடந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார். சட்டென்று படிய வேண்டிய தோல் அப்படியே நின்றது. உடம்பில் நீர் வற்றிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளமாம். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். 104 டிகிரி. நமக்கு 98.4 என்றால் நாய்க்கு 101 முதல் 102.5 வரை சாதாரணச் சூடுதான். அதனால்தான் நல்லபடியாக இருக்கிற நாயைத் தொட்டாலும் நமக்குச் சுடுகிற மாதிரி தோன்றுகிறது. மலத்தைப் பஞ்சில் தொட்டுப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, "பார்வோ" என்றார்.

பார்வோ என்பது ஒரு வைரஸ். 1978-ல்தான் இதை நாய்களிடம் முதன்முதலாக அடையாளம் கண்டார்களாம். குடலின் உள்தோலை அரித்துவிடும். வாந்தியும் ரத்தப் பேதியுமாக இரண்டு மூன்று நாளில் குட்டியின் உயிரையே கொண்டுபோய்விடும். மனிதர்களுக்கு இது ஒட்டாது. ஆனால் ஒரு குட்டியிலிருந்து இன்னொரு குட்டிக்கு மலம், தட்டு, துணி, நம் செருப்பு வழியாகக்கூடப் போகும். மாதக்கணக்கில் மண்ணிலும் தரையிலும் உயிரோடு இருக்கும். பினாயிலுக்கெல்லாம் மசிகிற கிருமி இல்லை. துணிக்குப் போடும் குளோரின் பிளீச் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். (பிளீச்சோடு பினாயிலையோ, கழிவறை கழுவும் அமிலத்தையோ சேர்த்துவிடாதீர்கள். அந்தப் புகை நமக்கே ஆபத்து.)

"தடுப்பூசி போட்டீங்களா?" என்றார்.

"போட்டாச்சு டாக்டர்! நாற்பத்தைந்து நாள்லேயே போட்டுத்தான் கொடுத்தாங்க" என்று பெருமையாக அட்டையை நீட்டினேன்.

அட்டையைத் திருப்பி எனக்கே காட்டினார். அடுத்த ஊசிக்கு ஒரு தேதி எழுதியிருந்தது. அது போய்ப் பதினாறு நாள் ஆகியிருந்தது. பிரிட்ஜின் மேல் பால் கணக்கு நோட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்த அட்டை! பிள்ளைகளின் பரீட்சை, ஊரிலிருந்து விருந்தாளி என்று நான் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

"ஒரு ஊசி போதும்னு யாரும்மா சொன்னது? உங்க பிள்ளைக்கு ஒரே சொட்டு மருந்தோட விட்டீங்களா?" என்று கடிந்துகொண்டார். பிறகு குரலைத் தணித்து விளக்கினார். தாய் நாயின் சீம்பாலில் குட்டிக்கு ஓர் எதிர்ப்புச் சக்தி வருகிறது. அது இருக்கும்வரை நாம் போடும் ஊசி முழுசாக வேலை செய்யாது. அந்தத் தாய்ச் சக்தி எந்த வாரத்தில் தீரும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவையாகப் பதினாறு வாரம் நிறையும் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஏதோ ஒரு ஊசி சரியான நேரத்தில் பிடித்துக்கொள்ளும். முதல் ஊசியோடு நிறுத்தினால் குடையைப் பாதி விரித்த கதைதான்.

இந்த வைரஸைக் கொல்ல என்று வீட்டில் கொடுக்கும் மருந்து எதுவும் கிடையாது. நீரும் உப்பும் குறையாமல் சலைன் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, வேறு கிருமி தொற்றாமல் காப்பாற்றினால், குட்டியின் உடம்பே போராடி ஜெயிக்க வேண்டும். மரத்தடியிலேயே கிளையில் பாட்டிலைத் தொங்கவிட்டு, முன்னங்காலில் ஊசி குத்திச் சலைன் ஏற்றினார்கள். நானும் அத்தையும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். அத்தை முந்தானையால் ஈ விரட்டிக்கொண்டே இருந்தார். முதல் நாள் முகம் சுளித்த அதே அத்தை!

அப்போது டாக்டரம்மா சாதாரணமாகக் கேட்டார்: "வீட்டில குழந்தைங்க இருக்கா? குட்டி கடிச்சுதா?"

"கடியெல்லாம் இல்லை டாக்டர். பல் முளைக்கிற குட்டிதானே, விளையாட்டுக்குக் கவ்வும். நாலு நாள் முன்னால சின்னவள் மணிக்கட்டில லேசாப் பட்டுது. பொட்டு ரத்தம். மஞ்சள்தூள் வச்சேன்."

அவர் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டார். "இந்தக் குட்டியை நான் பார்த்துக்கறேன். நீங்க இன்னைக்கே அந்தக் குழந்தையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

எனக்குக் கை காலெல்லாம் சில்லிட்டுப்போயிற்று. "மூணு மாசம்கூட ஆகாத குட்டிதானே?" என்றேன்.

"குட்டின்னா வெறிநோய் வராதுன்னு யாரும்மா சொன்னது? இதுக்கு அந்த ஊசி இன்னும் போடலை. மூணு மாசத்திலதான் போடணும். இது தெருப்பக்கம் போச்சா, வேற நாய் கிட்ட வந்துதா, உங்களால உறுதியாச் சொல்ல முடியுமா?"

சொல்ல முடியவில்லை. வாசல் கேட் பாதி நேரம் திறந்துதான் கிடக்கும்.

சகோதரிகளே, இந்த இடத்தைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள். வெறிநோய் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் மனிதரைக் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை. ஆனால் கடிபட்ட உடனே முறையாகச் சிகிச்சை எடுத்தால் வராமல் தடுத்துவிடலாம். பல் பட்டுத் தோல் கிழிந்தாலோ, நகம் கீறினாலோ, இருக்கிற புண்ணில் நாய் நக்கினாலோ, முதலில் குழாயடியில் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். கட்டுப் போட வேண்டாம். நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசி இலவசம். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போட வேறு மருந்தும் உண்டு. அந்தக் காலத்து மாதிரி தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பயப்பட வேண்டாம். அந்த முறை போய் வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது கையில்தான் போடுகிறார்கள். ஆனால் அவர்கள் சொல்கிற தேதிகளில் ஒன்றைக்கூட விடக்கூடாது.

இந்த ஊசிக்குப் பின்னால் ஒரு தாயின் கதை உண்டு. 1885-ஆம் வருஷம் ஜூலை மாதம், பிரான்சுக்குப் பக்கத்து அல்சாஸ் பகுதியில், ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனை வெறிநாய் பல இடங்களில் கடித்துக் குதறிவிட்டது. அவனுடைய அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு பாரிசுக்கு லூயி பாஸ்டரிடம் போய்ச் சேர்ந்தாள். அதுவரை நாய்களுக்குப் போட்டுப் பார்த்திருந்த தடுப்பு மருந்தை ஜூலை 6-ஆம் தேதி அந்தப் பையனுக்குப் போடத் துணிந்தார் பாஸ்டர். பையன் பிழைத்தான். நம் குன்னூரிலும் 1907-லேயே பாஸ்டர் பெயரில் ஒரு நிறுவனம் இதற்காகவே ஏற்பட்டது. பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ஆம் தேதியைத்தான் உலக வெறிநோய் தினமாக வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அநேக ஊர்களில் நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி முகாம் நடக்கும். விசாரித்து வையுங்கள்.

அன்று மத்தியானமே என் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஊசி குத்தும்போது அவள் அழவில்லை. "பூரிக்கும் ஊசி போட்டாங்களாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

ஐந்து நாள் தினமும் காலையில் மரத்தடியில் சலைன். முதல் மூன்று நாள் பூரி தலையைத் தூக்கவே இல்லை. ராத்திரியில் நான் எழுந்துபோய் மூச்சு வருகிறதா என்று கை வைத்துப் பார்ப்பேன். பல சமயம் எனக்கு முன்னால் அங்கே அத்தை உட்கார்ந்திருப்பார். நாலாம் நாள் தானாகவே இரண்டு நக்கு தண்ணீர் குடித்தது. ஆறாம் நாள் குழைய வடித்த சாதத்தில், உப்புக் காரம் இல்லாமல் வேகவைத்த கோழித் துண்டைப் பிசைந்து வைத்தோம். ஸ்பூன் அளவுதான் சாப்பிட்டது. என் மகன் ஓடிப்போய்த் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தான்.

பிழைத்தது பூரி. அதன் கூடப் பிறந்ததில் இரண்டு பிழைக்கவில்லை. அந்த நண்பர் வீட்டுச் சின்னப் பிள்ளை இன்னும் அந்தத் தட்டை எடுக்கவிட மாட்டேன் என்கிறதாம்.

பத்து நாள் கழித்து, மனசு கேட்காமல் அந்தத் தனியார் கிளினிக்குக்குப் போனேன். சண்டை போடத்தான் போகிறேன் என்று என் கணவர் நினைத்தார். "விடேன், போனது போகட்டும்" என்றார். எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் பூரியைக் கிடத்திய அதே மேஜையில் அடுத்தடுத்து எத்தனை குட்டிகளைக் கிடத்தியிருப்பார்கள்? அதைச் சொல்ல வேண்டாமா?

சொன்னேன். டாக்டர் கையிலிருந்த போனைக் கீழே வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"பேதி ஆனதை நீங்க சொல்லவே இல்லையேம்மா."

"நீங்க கேட்கவே இல்லையே, டாக்டர்."

இரண்டும் உண்மைதானே? அவர் மறுத்துப் பேசவில்லை. அன்றைய தேதியைக் கேட்டு நோட்டைப் புரட்டி, உதவியாளரைக் கூப்பிட்டு, அன்றைக்கு வந்த குட்டிகளின் வீட்டுக்கெல்லாம் போன் செய்து விசாரிக்கச் சொன்னார். மேஜையையும் தரையையும் பிளீச் ஊற்றிக் கழுவச் சொன்னார். நான் கிளம்பும்போது, "வந்து சொன்னதுக்கு நன்றிம்மா" என்றார். அவரிடம் மறுபடி பூரியைக் கொண்டுபோவேனா என்று கேட்டால், மாட்டேன். ஆனால் அன்றைக்கு நான் வாய் மூடி வந்ததற்கு அவரை மட்டும் குற்றம் சொல்லவும் என் மனசு ஒப்பவில்லை.

குட்டி வளர்க்கிற சகோதரிகளுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கத்தரித்து அடுப்படியில் ஒட்டிவைத்தாலும் சரி.

1. டாக்டரிடம் கிளம்புமுன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள்: எப்போதிலிருந்து, எத்தனை தடவை வாந்தி, எத்தனை தடவை பேதி, நிறம், ரத்தம் உண்டா, என்ன சாப்பிட்டது, எதையாவது கடித்து விழுங்கியதா. வீட்டிலுள்ள எல்லோரையும், முக்கியமாக விடியற்காலையில் எழுகிற பெரியவர்களை, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

2. தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். அடுத்த தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். பால் கணக்கு நோட்டுக்கு அடியில் வேண்டாம்!

3. மூன்று கேள்வி கட்டாயம் கேளுங்கள்: "என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இப்போது போட்ட ஊசி என்ன? எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்ப வர வேண்டும்?" பதிலைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

4. குட்டி வாந்தியும் பேதியுமாக இருந்தால், சரியாகிவிடும் என்று ஒரு ராத்திரி காத்திருக்காதீர்கள். வாயைத் திறந்து எதையும் திணிக்காதீர்கள்.

5. நாம் சாப்பிடும் வலி மாத்திரை, சுர மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். நாய்க்குக் கல்லீரலும் சிறுநீரகமும் கெட்டுப்போகும். பூனைக்குப் பாரசிட்டமால் ஒரு மாத்திரைகூட உயிருக்கு ஆபத்து. சாக்லேட், திராட்சை, வெங்காயம், வேகவைத்த எலும்பு இவையும் நாய்க்கு ஆகாது.

6. பூச்சி மருந்தைக் குட்டி பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும் கொடுக்க வேண்டும். எடை போட்டுத்தான் அளவு சொல்வார்கள். அந்தப் பூச்சி முட்டைகள் குழந்தைகளின் வயிற்றுக்கும் போகக்கூடியவை. குட்டியோடு விளையாடியதும் கை கழுவாமல் தட்டில் கை வைக்கவிடாதீர்கள்.

7. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. அதற்குப் பின் டாக்டர் சொல்லும் தேதியில் மறுபடியும், பிறகு வருஷா வருஷமும். நாட்டு நாயானாலும் சரி, ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியதானாலும் சரி.

இத்தனையும் எழுதியபின் ஒன்று தோன்றுகிறது. நாய்க்குப் பேச வாயில்லை, சரி. நமக்கு இருக்கிறதே! ஆனால் டாக்டர் முன்னால் போய் நின்றால் நம்மில் எத்தனை பேர் வாயைத் திறக்கிறோம்? குழந்தைக்கு இருமல் என்றாலும், மாமனாருக்குச் சர்க்கரை என்றாலும், நமக்கே உடம்பு முடியவில்லை என்றாலும், "அவருக்குத் தெரியாதா, கேட்டால் தப்பாக நினைப்பாரோ" என்று பாதியை முழுங்கிக்கொண்டுதானே திரும்பி வருகிறோம்? வருகிற வழியெல்லாம் பேருந்தில் உட்கார்ந்து, "அதைச் சொல்லியிருக்கலாமே, இதைக் கேட்டிருக்கலாமே" என்று யோசிக்கிறோம். அந்த யோசனையை வீட்டை விட்டுக் கிளம்பும்போதே செய்து, சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போவோம். அவசரப்படுகிற டாக்டராக இருந்தாலும், எழுதிய சீட்டை நீட்டினால் ஒரு நிமிஷம் நின்று படிக்காமலா போய்விடுவார்?

போன வாரம் அத்தையைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அத்தையின் இடுப்பில் சுருட்டி வைத்த ஒரு காகிதம் இருந்தது. பேரனை விட்டு எழுதச் சொல்லியிருக்கிறார். ஆறு கேள்வி! டாக்டர் ஆறுக்கும் பதில் சொன்னார்.

இதை எழுதும்போது பூரி என் காலடியில் என் செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் ஒரு அடி வைத்திருப்பேன். இப்போது கை வரவில்லை.

அடுத்த இதழில் நிச்சயமாக மோர்மிளகாய்!